காற்றுக்கு டோல் இல்லை

சாலையில் ஒரு வண்டி வருகிறது. குதிரை இல்லை. மேலே, மிக உயரத்தில், ஒரே கயிற்றில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பட்டங்கள். வண்டிக்குள் மூன்று நான்கு பேர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பக்கம், 1820களின் பிற்பகுதி. சுங்கச்சாவடியில் நிற்பவரின் கையில் இருந்த கட்டணப் பட்டியல் மிருகங்களைத்தான் கணக்கெடுத்தது. இத்தனை குதிரை பூட்டினால் இவ்வளவு. காற்றைப் பூட்டினால் எவ்வளவு என்று அதில் எழுதவில்லை. ஆகவே அந்த வண்டிக்குக் கட்டணம் கிடையாது, கதவைத் திறந்துவிட வேண்டியதுதான். தினமும் வேலைக்குப் போகும் வழியில் டோலைத் தாண்டுகிறவன் நான். இந்தக் காட்சி எனக்குத் தருகிற சந்தோஷத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வண்டியின் சொந்தக்காரர் ஜார்ஜ் போக்கோக். பள்ளிக்கூட வாத்தியார். 1774இல் பிறந்து 1843இல் இறந்தவர். பையன்களை அடிப்பதற்கென்றே ஓர் இயந்திரம் செய்தவர் என்றும் சொல்வார்கள் (தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த மனநிலை புரியும், இயந்திரம்தான் புதுசு). பட்டத்தின் மேல் அவருக்கு இருந்தது சாதாரணப் பிரியம் இல்லை. 1824இல் தன் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, 30 அடிப் பட்டத்தில் கட்டி, 250 அடிக்கு மேல் தூக்கினார். மார்த்தா பத்திரமாக இறங்கினாள். வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்றாள். அதில் ஒருவர்தான் கிரிக்கெட்டின் டபிள்யூ. ஜி. கிரேஸ். கயிறு அன்றைக்கு அறுந்திருந்தால் கிரிக்கெட் வரலாற்றின் முதல் அத்தியாயமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

1826இல் போக்கோக் தன் பட்ட வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பெயர் 'சார்வொலான்ட்'. பட்டத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும் தேரைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து அவரே செய்த பெயர். பட்டத்துக்கு நான்கு கயிறுகள். அவற்றை இழுத்தும் விட்டும் பட்டத்தைத் திருப்பலாம், சாய்க்கலாம், இழுவையைக் குறைக்கலாம். பொறியாளன் என்ற முறையில் நான் தொப்பியைக் கழற்றுவது இந்த நான்கு கயிற்றுக்குத்தான். ஒற்றை நூல் பட்டத்துக்கு இருக்கத்தான் தெரியும். நாலு நூல் பட்டம் சொன்ன பேச்சைக் கேட்கும். இன்று கடற்கரைகளில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் பிடித்திருப்பதும் நாலு நூல்தான்.

வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அந்தக் காலத்துக் குதிரை வண்டிகளைவிட வேகம். அதனால் ஒரு சங்கடமும் வந்தது. பிரிஸ்டலுக்கும் மார்ல்பரோவுக்கும் இடையில் ஓடியபோது குளோஸ்டர் டியூக்கின் வண்டியை முந்திவிட்டார்கள். அரச குடும்பத்து ஆளை முந்துவது மரியாதைக்குறைவு. ஆகவே காற்று நன்றாக வீசிக்கொண்டிருக்கும்போதே வண்டியை நிறுத்தி, டியூக் கடந்து போகும்வரை காத்திருந்தார்கள். சுங்கச் சட்டத்தில் காற்றுக்கு ஓட்டை இருந்தது. அந்தஸ்தின் சட்டத்தில் எந்த ஓட்டையும் இல்லை.

பிறகு அந்த வண்டி காணாமல் போனது. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையில் ரயில் ஓட ஆரம்பித்தது ஒரு காரணம். ஆனால் ரயில் வராவிட்டாலும் அது நிலைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சாலை என்றால் மரம் உண்டு, வளைவு உண்டு, சந்தை உண்டு. நூற்றுக்கணக்கான அடி நீளக் கயிறு இவற்றில் எதையும் மன்னிக்காது. காற்று எங்கே போகிறதோ ஏறக்குறைய அங்கேதான் நீங்களும் போகலாம். திரும்பி வருவது பெரும் பாடு. போக்கோக்கின் வண்டிக்கு வேண்டியிருந்தது சாலை இல்லை, மரமே இல்லாத ஒரு வெளி. இந்த 'வெளி' என்ற விஷயத்துக்குப் பின்னால் வருவேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே அதுதான்.

காற்றை வண்டியில் பூட்டியவர்களில் போக்கோக் முதல் ஆள் இல்லை. 1600களின் தொடக்கத்தில் சைமன் ஸ்டெவின் என்ற பொறியாளர் டச்சு இளவரசர் மௌரிஸுக்காகப் பாய்மரம் கட்டிய ஒரு வண்டி செய்தார். 28 பேரை ஏற்றிக்கொண்டு அது ஸ்கெவெனிங்கன் கடற்கரையிலிருந்து பெட்டன்வரை மணலில் ஓடியது. பயணிகளில் போரில் பிடிபட்ட ஒரு ஸ்பானியத் தளபதியும் இருந்தார். கைதியை உட்காரவைத்துப் பயம் காட்டுவதில் மௌரிஸுக்கு நல்ல ரசனை. பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது குளத்தில் மல்லாந்து மிதந்தபடி, பட்டக்கயிற்றைப் பிடித்து மறுகரை சேர்ந்ததாக வயதான பிறகு ஒரு கடிதத்தில் எழுதினார். 1903இல் சாமுவேல் கோடி பட்டம் இழுத்த சின்னப் படகில் கலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

இதுவரை வந்த பெயர்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். இந்த விளையாட்டைப் பற்றி எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பட்டமோ அவர்களுடையது இல்லை. சீனாவில் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழைய கதைகள் உண்டு. நம் தீவுக்கூட்டப் பக்கம் மீனவர்கள் காய்ந்த இலையிலேயே பட்டம் செய்து, அதன் நூலில் தூண்டிலைத் தொங்கவிட்டு, படகின் நிழல் விழாத தூரத்தில் மீன் பிடித்தார்கள். பட்டத்தை வேலைக்காரனாக்கியது ஐரோப்பியர் என்று யாராவது சொன்னால் இந்த இலையை ஞாபகப்படுத்துங்கள்.

மலாய்க்காரர்கள் 'வாவ்' என்கிறார்கள். இறக்கையின் வளைவு அரபு எழுத்து 'வாவ்' மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. கிளந்தானின் வாவ் புலானை எல்லோருக்கும் தெரியும். எங்கள் கெடாவுக்கு வாவ் ஜாலா பூடி. 1989இல் வந்த ஐம்பது சென் நாணயத்தின் பின்பக்கம் இருந்ததும் வாவ்தான். பள்ளி கேண்டீனில் அதைக் கொடுத்துத்தான் மீ கோரெங் வாங்கினோம். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவிலும் மலாக்கா காலத்துப் பட்டக் கதை ஒன்று வருகிறது. இளவரசர் பெரிய பட்டம் விடுகிறார். அது மேலே போனதும் மற்றவர்கள் தங்கள் பட்டங்களை இறக்கிக்கொள்கிறார்கள். ஒருவன் மட்டும் இறக்கவில்லை. கண்ணாடித்தூள் பூசிய அவனுடைய மெல்லிய நூல் இளவரசரின் தடித்த கயிற்றை அறுத்துவிடுகிறது. குளோஸ்டர் டியூக்குக்காக வண்டியை நிறுத்தியதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

1890களில் வில்லியம் எடி என்ற அமெரிக்கர் வால் இல்லாத, குறுக்குக் குச்சி வில்லாக வளைந்த ஒரு பட்டம் செய்தார். நம் பகுதியின் வாலில்லாப் பட்டங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் ஜாவாக்காரர்களின் பட்டத்தை நேரில் பார்த்தார். அந்த வடிவத்துக்கு அங்கே 'மலாய் பட்டம்' என்றே பெயர் நிலைத்தது. 1895இல் அதில் கேமராவைக் கட்டி மேலிருந்து படம் எடுத்தார். வானிலை ஆய்வுக்காரர்கள் அதில் கருவிகளைக் கட்டி ஏற்றினார்கள். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டிப் பட்டங்களை அடுக்கிக் கட்டித் தன்னையே 16 அடி தூக்கிக்கொண்டார், 1894 நவம்பரில். அங்கிருந்து விமானத்துக்கு ரொம்ப தூரமில்லை. விமானம் வந்ததும் பெரியவர்கள் பட்டத்தை மறந்து பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பட்டத்தின் பாதை இது. வண்டிக்கு இன்னொரு பாதியும் வேண்டும்: சக்கரம். போக்கோக்கின் வண்டியை அப்படியே கடற்கரையில் இறக்கியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்துச் சக்கரம் மரம், மேலே இரும்புப் பட்டை. கத்தி மாதிரி ஒல்லி. ஈர மணல் கெட்டியாக இருக்கும் இடத்தில் ஓடும், கொஞ்சம் இளகின இடத்தில் அச்சுவரை புதையும். எடையைப் பரப்பித் தாங்குகிற, காற்று அடைத்த பருத்த சக்கரம் வேண்டும். அதற்கு டன்லப்பின் 1888ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். டன்லப்புக்கோ ரப்பர் வேண்டும்.

இங்கேதான் கதை எங்கள் ஊருக்கு வருகிறது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போன விதைகள், 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூரில் இறங்கின. சிலவற்றைக் கோலக்கங்சாரில் நட்டார்கள். கார் பெருகப் பெருக டயர் பெருகியது, டயர் பெருகப் பெருகக் காடு அழிந்து பால்மரம் வரிசை வரிசையாக ஏறியது. 1909 ஒப்பந்தத்தில் கெடா சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு மாறியது. சுங்கை பட்டாணி, பீடோங், புக்கிட் செலம்பாவ் பக்கமெல்லாம் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். அப்படிக் கப்பலேறியவர்களின் நாலாவது தலைமுறை நான். (புக்கிட் செலம்பாவ் என்றால் எங்கே என்று கேட்பவர்களிடம் 2009 இடைத்தேர்தலைச் சொல்வது வழக்கம். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 15 வேட்பாளர்கள். நாடு எங்களைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.)

நியூசிலாந்தின் ஆஷ்பர்ட்டன் என்ற சிற்றூரில் பட்டம் செய்து விற்றுக்கொண்டிருந்த பீட்டர் லின், 1990 வாக்கில் இரண்டு பாதிகளையும் சேர்த்தார். தாழ்வான எஃகுச் சட்டம், மூன்று சக்கரம், நடுவில் துணி இருக்கை. முன்சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும், கை இரண்டும் பட்டத்துக்கு. போக்கோக்கின் வண்டியில் தேர்ப்படை மிடுக்கு இருந்தது. இது பிள்ளைகளின் மூன்று சக்கர சைக்கிள் வளர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். பட்ட பக்கி என்று பெயர். சக்கரம்? கட்டுமான இடங்களில் சிமெண்ட் தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டியின் டயர். விசேஷமாக எதையும் செய்யவில்லை, கடையில் கிடைப்பதை வாங்கி மாட்டினார்கள். பட்டமும் மாறியிருந்தது. 1964இல் டொமினா ஜால்பர்ட் குச்சியே இல்லாத, காற்றே உள்ளே புகுந்து உப்பி இறக்கை வடிவம் எடுக்கிற துணிப்பட்டத்தைக் கண்டுபிடித்திருந்தார். விழுந்தால் உடைய எதுவும் இல்லை. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில்கூடப் போகலாம்.

அந்த டயரின் ரப்பர் எங்கள் தோட்டத்துப் பால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது பாதி செயற்கை ரப்பர், மீதி எங்கிருந்தோ. ஆனால் ஒரு வண்டியின் மேல்பாதி நம் கடல்களைச் சுற்றி வந்தது, கீழ்ப்பாதி நம் தோட்டங்களின் வழியாக வந்தது. இரண்டையும் கையில் தொட்ட ஜனங்கள் அந்த வண்டியில் ஏறவே இல்லை. ஏன்?

பதில் சொல்வதற்குமுன் ஒரு பந்தய வார இறுதி எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் என்ன தேவை என்பது புரியும். டென்மார்க்கின் ரோமோ தீவு, ஜெர்மனியின் சங்க்ட் பீட்டர் ஓர்டிங், பிரான்சின் வடகடற்கரை ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். நிலப்பாய் வண்டிகளுக்கான சர்வதேச சம்மேளனம் 1962இல் தொடங்கியது. அதன் பிரிவுகளில் எட்டாவது பிரிவு இந்தப் பட்ட வண்டிக்கு. சனிக்கிழமை காலை எல்லோரும் முதலில் பார்ப்பது கடிகாரத்தை அல்ல, ஓத அட்டவணையை. கடல் எப்போது வற்றும், எத்தனை மணிவரை மணல் கெட்டியாக இருக்கும் என்பதுதான் பந்தய நேரம். கொடிகளை நட்டுப் பாதை போடுவார்கள். ஒருமுறை ஓடி முடிப்பதில்லை. இரண்டு நாளும் காற்று விட்டுக்கொடுக்கும் மட்டும் பல சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி, மோசமான ஒன்றைக் கழித்துக் கூட்டல்.

ஜெயிப்பது பெரும்பாலும் மணலில் இறங்குவதற்குமுன் பட்டப்பையைத் திறக்கும்போதே முடிவாகிறது. எந்த அளவுப் பட்டம்? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு. இந்த ஒரு விதியில்தான் எல்லாம். ஐந்து சதுர மீட்டர் பட்டம் விநாடிக்கு 5 மீட்டர் காற்றில், அசையாமல் நின்றால், ஒரு சின்னப் பையை இழுக்கிற அளவுக்குத்தான் இழுக்கும். ஆனால் பட்டத்தை வானத்தில் எட்டு போடுகிற மாதிரி இடமும் வலமும் ஓட்டினால், அது காற்றை வேகமாக வெட்டுகிறது. அதன் முகத்தில் படும் காற்று இரண்டு மூன்று மடங்காகிறது. இழுவை நாலு மடங்கு, ஒன்பது மடங்கு. ஓடும் வண்டியும் இதேபோலத் தனக்குத் தானே காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால்தான் வண்டி வீசும் காற்றைவிட வேகமாக ஓட முடிகிறது. கேட்க ஏமாற்று வேலை மாதிரி இருக்கும், கணக்குப் போட்டால் சரியாக வரும். திறந்த மணலில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியவர்கள் உண்டு.

பெரிய பட்டத்தை எடுத்தவன் காற்று ஏறினதும் பக்கவாட்டில் இழுபட்டுப் பாதையைவிட்டுச் சறுக்குவான். சின்னதை எடுத்தவன் காற்று இறங்கினதும் நடுக்கடற்கரையில் உட்கார்ந்துவிடுவான். இரண்டு பேர் எதிரெதிரே வரும்போது காற்று வரும் பக்கம் இருப்பவன் பட்டத்தை உயர்த்த வேண்டும், மற்றவன் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் நூலோடு நூல். நைலானைவிடக் கூரான அந்த நூல் ஆளையே வெட்டும். எல்லாவற்றுக்கும் மேல், கையை விட்டால் பட்டம் தானே காற்றைக் கொட்டிவிட்டு விழும்படி ஒரு வார் மணிக்கட்டில் இருக்கும். விடத் தெரிய வேண்டும். இந்த விளையாட்டில் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான்.

விடாத ஒருவரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2021 டிசம்பரில் யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறைப் பக்கம், ஒரு பெரிய பட்டத்தை ஆறு பேர் தடித்த கயிற்றில் பிடித்திருக்க, மற்றவர்கள் கையை விட்டதும் ஒருவர் மட்டும் கயிற்றோடு மேலே போய்விட்டார். கீழே கூட்டம் "கையை விடு" என்று கத்துகிறது. முப்பதடிக்கு மேல் தொங்கினார், பிறகு பட்டம் தாழ்ந்தபோது விழுந்து உயிர் தப்பினார். அந்தக் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கணக்குப் போட்டேன். ஒரு ஆளைத் தரையிலிருந்து செங்குத்தாகத் தூக்குகிற பட்டத்துக்கு, அதே ஆளை மூன்று சக்கரத்தில் உட்காரவைத்து இழுப்பது ஒன்றுமே இல்லை. மார்த்தா போக்கோக்கின் நாற்காலியும் அதுதான்.

யாழ்ப்பாணத்தார் பட்டத்தைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் போட்டிக்கு வருகிற பட்டங்களைப் படத்தில் பார்த்தாலே தலை சுற்றும். கொக்கு, பருந்து, வௌவால், எட்டுமூலை, பெட்டி என்று மரபான வகைகள் ஒரு பக்கம். கப்பல், விமானம் என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக யோசித்துக் கட்டியவை ஒரு பக்கம். காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: வாடை, சோழகம், கச்சான், கொண்டல். பட்டம் வாடைக்கு உரியது. பட்டத்தின் தலையில் ஒரு வில்லைக் கட்டி, அதில் நாரை இழுத்துப் பூட்டுவார்கள். அதன் பெயர் விண். மேலே போனதும் அது கூவும். இரவில் பட்டத்தைக் கீழே இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டுப் போய்ப் படுப்பார்கள், விண் விடிய விடியக் கூவிக்கொண்டிருக்கும். கெடாவின் வாவிலும் இதே வில் இருக்கிறது. பூசோர் என்கிறார்கள். பெர்லிஸில் பொறியியல் படித்தபோது, அறுவடை முடிந்த வயலில் அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். நான் பட்டம் வாங்கியதும் அங்கேதான், பட்டத்தைச் சரியாகப் பார்த்ததும் அங்கேதான்.

வல்வெட்டித்துறையிலும் கெடாவிலும் இழுவையை எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஆனால் அதை இடம்விட்டு இடம் போவதற்குப் பயன்படுத்தவில்லை. பட்டம் நிற்க வேண்டும், அழகாக நிற்க வேண்டும், பாட வேண்டும். எவ்வளவு நேரம் நின்றது, எப்படிக் கூவியது என்பதற்குத்தான் பரிசு. இதைப் பின்தங்கிய நிலை என்று பார்ப்பவர்கள் உண்டு. பட்டத்தில் சக்கரத்தைப் பூட்டுவதுதான் வளர்ச்சி என்பது போல. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சக்கரம் பூட்டிய போக்கோக்கின் வண்டி ஒரு தலைமுறை தாங்கவில்லை, விண் இன்னும் கூவுகிறது.

ஆனால் தோட்டத்துத் தமிழனின் கதை வேறு. அவன் நிற்கவைத்துப் பாடவைக்கவும் இல்லை, சக்கரம் பூட்டவும் இல்லை. ரப்பர்த் தோட்டத்துக்குள் போயிருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே வானம் கிடையாது. வரிசை வரிசையாக மரம், மேலே கிளைகள் கோத்துக்கொண்டு கூரை. உள்ளே காற்று வராது. வந்தால் ஆபத்து. அதிகம் பால் தரும் சில ரகங்கள் காற்றில் முறிந்து விழக்கூடியவை. பால் வெட்டு விடியுமுன் தொடங்கும், காற்று எழும்புவதோ வெயில் ஏறிய பிறகு. அந்நேரம் பாலை நிறுத்துக் கொடுக்கும் வரிசையில் ஆள் நின்றுகொண்டிருப்பார். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பிள்ளைகளுக்கு ஜனவரியில் அறுவடை முடிந்த வயல் முழுசாகத் திறந்து கிடந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு திறந்த இடம்தான்: தோட்டத்துத் திடல்.

"திடல்ல நின்னு விட்டாத்தான்டா மேல போவும். லயத்துப் பக்கம் வந்தா மரத்துல போய் உக்காந்துக்கும்" என்பார் அப்பா. ஈர்க்கும் பழைய 'தமிழ் நேசன்' தாளும். நூல் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து. பசைக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. கோப்பையில் ஒட்டியிருக்கும் பாலை விரலில் எடுத்துத் தடவினால் போதும், கிழிந்தாலும் கிழியும், பிரியாது. பால் சப்பையாக நீளும் பக்கம் பட்டம் சாயுமாம். அதைச் சரி செய்ய மறுபக்கம் கொஞ்சம் பாலைத் தடவி எடை சேர்ப்பார்களாம். நாலு நூல் இல்லாத பொறியியல்.

அந்தத் திடல் இப்போது இல்லை. தோட்டம் விற்கப்பட்டு, கொஞ்சம் செம்பனையாகி, மிச்சம் வீடமைப்பாகி, மின்கம்பி ஓடிவிட்டது. அப்பா காட்டிய இடத்தில் நான் பார்த்தபோது இரட்டை மாடி வீட்டு வரிசையின் பின்சந்து இருந்தது. கம்பியில் பிளாஸ்டிக் பட்டம் ஒன்றின் வால் மட்டும் தொங்கியது. பட்டத்தின் வரலாறு என்று நாம் எழுதுவது பெரும்பாலும் துணி, குச்சி, நூல் பற்றியது. வெளி யார் கையில் இருந்தது என்பதும் அந்த வரலாற்றுக்குள் வர வேண்டும். போக்கோக்குக்கு மரமில்லாத சாலை கிடைக்கவில்லை, வண்டி நின்றது. லின்னுக்கு யாரும் உரிமை கோராத கடற்கரை கிடைத்தது, ஓடியது. 2004இல் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் 17 நாட்களில் பட்ட வண்டியில் கடந்தவர்களுக்கும் முதலில் தேவைப்பட்டது அந்தப் பாலைவனம்தான்.

எங்களுக்கு மிச்சமிருக்கும் வெளி பந்தாய் மெர்டேகா. மெர்போக் ஆறு கடலில் சேரும் இடம், எதிர்க்கரையில் தஞ்சோங் டாவாய். வடக்கே 1,217 மீட்டர் உயரத்தில் குனோங் ஜெராய், பழைய மாலுமிகளுக்குக் கடாரத்தை அடையாளம் காட்டிய மலை. நாகப்பட்டினத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல்கள், திரும்பிப் போக வாடை மாறும்வரை இந்தக் கரைகளில்தான் காத்துக் கிடந்தன. காற்றுக்காகக் காத்திருப்பதில் எங்கள் கரைக்கு ஆயிரம் வருடப் பழக்கம் உண்டு.

பொறியாளனாகப் பார்த்தால் இது சுமாரான களம். மலாக்கா நீரிணைக்கு மறுபக்கம் சுமத்ரா மறைத்துக்கொள்வதால் தென்மேற்குக் காற்று களைத்துத்தான் வந்து சேர்கிறது. வருடத்தின் பெரும்பகுதி பட்டம் நிற்கும், வண்டி நகராது. ஓதம் இறங்கினால் மணலுக்குப் பின்னால் சேறு. ஆனால் டிசம்பர் கடைசியிலிருந்து கெடாக்காரர்கள் அங்கின் தீமோர் என்று சொல்லும் கீழைக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரை ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அதாவது காற்று கரைக்குக் குறுக்கே. பட்ட வண்டிக்கு இதைவிட நல்ல கோணம் இல்லை, போகவும் வரவும் ஒரே இழுவை. படகுக்காரர்களுக்கு அது கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும் காற்று, சக்கரத்துக்கு அந்தப் பயம் கிடையாது. வீடுகளையும் மரங்களையும் தாண்டி வருவதால் குலுங்கிக் குலுங்கி வரும் என்பதுதான் குறை. சின்னப் பட்டம்தான் சரிப்படும்.

போன மாதம் ஓதம் முழுக்க இறங்கிய ஒரு மதியம் கெட்டி மணலைக் காலடியால் அளந்துகொண்டே நடந்தேன். பலூன் விற்கும் மலாய்க்காரர் ஒருவர் என்ன தேடுகிறாய் என்று கேட்டார். மோதிரமா, சாவியா? சொன்னேன். சிரிக்கவில்லை. ஜனவரியில் வா, காலை பத்து மணிக்குமேல் வா, அந்தப் படகுத்துறைப் பக்கம் போகாதே, அங்கே மணல் ஏமாற்றும் என்றார். பீடோங்கில் வெல்டிங் கடை வைத்திருக்கும் நண்பனிடம் சட்டத்துக்குக் குழாய் சொல்லியிருக்கிறேன். சக்கரம் மூன்றும் சுங்கை பட்டாணி வன்பொருள் கடையில் கிடைத்துவிட்டன.